சொகுசுக் காரின் சத்தமும் உத்தரவாதத்தின் மௌனமும்

2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் லண்டன் சென்றிருந்தபோது, ஹறோ பகுதியில் வசிக்கும் பல்கலைக்கழகக் கால நண்பர் ஒருவரின் வீட்டில் இரு வாரங்களுக்கு மேலாகத் தங்கியிருந்தேன். கணக்காளராகப் பணியாற்றும் அவர், பிள்ளைகள் இருவரும் படிப்பை முடித்து வேலைக்குச் சென்ற பிறகு, வாழ்க்கையில் முதற்தடவையாகத் தனக்கென்று ஒரு ஆடம்பரத்தைச் செய்துகொண்டிருந்தார். 2022 ஆகஸ்டில் ஐரோப்பியத் தயாரிப்பான சொகுசு செடான் கார் ஒன்றைப் புத்தம் புதிதாக வாங்கியிருந்தார். மூன்று வருட உத்தரவாதம். காரின் பெயரையும் விற்றவர்களின் பெயரையும் இங்கு குறிப்பிடப்போவதில்லை. வேறு பல பெயர்களுக்கும் இந்தக் கதை பொருந்தும்.

என்னை விமான நிலையத்தில் இருந்து அழைத்துவந்தபோது காரில் வானொலி ஒலிக்கவில்லை. பழைய பாடல்கள் இல்லாமல் வாகனம் ஓட்டாத மனிதர் அவர். காரணம் கேட்டபோது பின் ஆசனத்தில் இருந்த அவரது மனைவி முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

“அண்ணை, இவர் இப்ப றேடியோ போடுறதே இல்லை. காருக்குள்ள இருந்து வாற சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் ஓடுறார்.”

நண்பர் சிரிக்கவில்லை. “மச்சான், காருக்கு ஒண்டுமில்லையாம். எனக்குத்தான் காதில பிழையாம்” என்றார்.

பிரச்சினைகள் இரண்டு. குளிர்ந்த காலை நேரங்களில் வீட்டில் இருந்து புறப்பட்ட முதல் பத்து நிமிடங்களுக்குள், சமிக்ஞை விளக்கொன்றை நோக்கி வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகும்போது, மணிக்கு 15 மைலில் இருந்து 10 மைலுக்கு இறங்கும் இடைவெளியில், பின்னால் இருந்து யாரோ இலேசாக இடித்ததைப் போன்று கார் முன்னோக்கி ஒரு தடவை உந்தும். இது முதலாவது. முன்பக்கத்தில் இடது சக்கரத்தின் அருகே அவ்வப்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இது இரண்டாவது. நான் வருவதற்கு முன்னரே மூன்று தடவைகள் அவர் காரை விற்பனை நிலையத்தின் திருத்தகத்துக்குக் கொண்டுசென்றிருந்தார். 2022 டிசம்பரில் ஒரு தடவை, 2023 மார்ச்சில் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை. மூன்று தடவைகளும் வரவேற்பு மேசையில் இருந்தவர் மிகுந்த மரியாதையுடன் சொன்ன பதில் ஒன்றுதான்: “இந்த ரகக் காருக்கு இது வழமையான இயல்பு.”

அந்தப் பதிலைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

நான் கலைப்பட்டதாரி. இயந்திரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். ஆனால் முப்பது வருடகாலம் செய்தி ஆசிரியபீடங்களில் இருந்தவன் என்ற வகையில் காகிதங்களை வாசிக்கத் தெரியும். நண்பர் கோவைப்படுத்தி வைத்திருந்த மூன்று வேலைத் தாள்களையும் வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் ஏறத்தாழ ஒரே வாசகம்தான் இருந்தது. ‘சத்தம் கேட்பதாக வாடிக்கையாளர் கூறுகிறார். பரிசோதனையில் குறைபாடு எதுவும் காணப்படவில்லை. பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை.’

குறைபாடு இல்லை என்று அந்தத் தாள்கள் எங்கும் கூறவில்லை. காணப்படவில்லை என்றே கூறின. வாயால் சொல்லப்பட்டது ‘வழமையான இயல்பு’. எழுத்தில் கொடுக்கப்பட்டது ‘காணப்படவில்லை.’ இரண்டுக்கும் இடையேயான தூரம் சிறியது அல்ல. முதலாவது, தேடி அறிந்த ஒருவரின் தீர்ப்பு. இரண்டாவது, தேடியவருக்கு அகப்படவில்லை என்ற ஒப்புதல் மாத்திரமே. எவ்வளவு நேரம் தேடினார், எந்த வீதியில் ஓட்டிப் பார்த்தார், அப்போது இயந்திரம் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா என்ற விபரங்கள் எதுவும் தாளில் இல்லை. அத்தகைய ஒரு செய்தியை நிருபர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்தத் தாள்களை வாசித்துக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்தில் எனது சிறுவயதில் மாமாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரைத் திருத்தும் முதியவரின் நினைவு வந்தது. காரைத் தொடுவதற்கு முன்னர் அவர் மாமாவை விசாரணை செய்வார். “பள்ளத்தில விழேக்கையோ கத்துது, திரும்பேக்கையோ? காலமையோ, ஓடிச் சூடேறின பிறகோ?” பிறகு நீண்ட திருப்புளி ஒன்றின் கூர்முனையை இயந்திரத்தின் மீது ஊன்றி, கைபிடியைக் காதோடு வைத்துக் கேட்பார். வைத்தியரின் குழாயைப் போன்று அந்தத் திருப்புளி வேலை செய்தது. 1990 களில் குடாநாட்டின் மீதான பொருளாதாரத் தடையின்போது, சில துளி பெற்றோலை ஊற்றி இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் அந்தப் பழைய கார்களை ஓடவைத்தவர்கள் இப்படிப்பட்ட மனிதர்கள்தான். பிழைக் குறியீடு என்ற ஒன்றை அவர்கள் அறிந்திருக்கவில்லை. காரின் சொந்தக்காரர் கூறுவது சாட்சியம் என்பதை மாத்திரம் அறிந்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பரின் மருமகன் முறையான இளைஞன் ஒருவன் வந்தான். லண்டனில் வேறொரு திருத்தகத்தில் வேலை செய்பவன். உத்தரவாதக் காலத்தில் காரில் கைவைத்தால் பிறகு வீண் வாதம் வரும் என்பதனால் ஒரு ஆணியைக்கூட அவன் கழற்றவில்லை. “மாமா, நாங்கள் ஒண்டையும் திருத்த வேண்டாம். எப்ப வருது, எப்ப வராது எண்டு மட்டும் கண்டுபிடிப்பம்” என்றான். அவனது முறை எளிமையானது. ஆனால் அதன் தர்க்கம் வியக்கவைத்தது.

முதலில் வீதியின் முழு அகலத்துக்கும் போடப்பட்டிருந்த வேகத்தடையின் மீது மெதுவாக ஓட்டச் சொன்னான். இரு முன் சக்கரங்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. சத்தம் இல்லை. பிறகு இடது சக்கரம் மாத்திரம் வீதியில் தாழ்ந்திருந்த ஒரு இரும்பு மூடியின் மீது விழும்படி ஓட்டச் சொன்னான். ‘டொக்.’ மூன்று தடவை ஓட்டினோம், மூன்று தடவையும் கேட்டது. அதே இடத்தில் பிரேக்கை இலேசாக மிதித்தபடி ஓட்டினோம். அப்போதும் கேட்டது. எனவே தளர்ந்திருக்கும் பிரேக் கட்டைகள் காரணமல்ல. காரை நிறுத்திவைத்து ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பினோம். சத்தம் இல்லை. எனவே அதிர்வுதாங்கியின் மேல்முனைப் பொருத்து காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு.

இரு முன் சக்கரங்களின் சஸ்பென்ஷனையும் குறுக்காக இணைக்கும் உருக்குத் தண்டு ஒன்று உண்டு. வளைவுகளில் கார் ஒருபக்கம் சாய்வதைக் குறைப்பது அதன் பணி. இரு சக்கரங்களும் ஒரே அளவில் உயர்ந்தால் அந்தத் தண்டுக்கு வேலை இல்லை. ஒரு சக்கரம் மாத்திரம் உயரும்போதே அது முறுக்கப்படுகிறது. தண்டின் நுனியைச் சக்கரப் பக்கத்துடன் தொடுக்கும் சிறிய இணைப்புக் கோலில் உள்ள போல் ஜொயின்ட் தேய்ந்திருந்தால் அந்த வேளையில்தான் சத்தம் எழும். இளைஞன் ஊகித்தது அதைத்தான். ஊகத்தை நிரூபிக்க வேண்டியது விற்பனை நிலையத்தின் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

கியர் விவகாரத்தில் கண்டுபிடிப்பு இன்னும் எளிமையாக அமைந்தது. நானும் நண்பரும் பத்து நாட்கள் ஒரு கொப்பியில் குறிப்பெழுதினோம். திகதி, நேரம், வெளி வெப்பநிலை, புறப்பட்டு எத்தனையாவது நிமிடம், எந்த வேகம், என்ன நடந்தது. பத்து நாட்களில் 17 தடவைகள் அந்த உந்துதல் ஏற்பட்டிருந்தது. 17 உம் காலையில், முதல் பத்து நிமிடங்களுக்குள். சூடேறிய பிறகு ஒரு தடவைகூட இல்லை. விற்பனை நிலையமோ நண்பரின் வீட்டில் இருந்து நாற்பது நிமிட ஓட்டம். ஒவ்வொரு தடவையும் கார் சூடேறிய நிலையில்தான் அங்கு போய்ச்சேர்ந்திருக்கிறது. வைத்தியசாலையின் வாசலை மிதிக்கும்போது காய்ச்சல் விட்டுவிடுகின்ற நோயாளியின் நிலை அது. மூன்றாவது தடவை கொண்டுசென்றது ஜூலையில், கோடை உச்சத்தில்.

நவம்பர் முதல் வாரத்தில் நண்பர் அந்தக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினார். காரை முதல் நாள் மாலையில் கொண்டுவந்து விடுவதாகவும் மறுநாள் காலையில் குளிர்ந்த நிலையில் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் தன்னையும் அருகில் இருத்திக்கொண்டு ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றும் கேட்டிருந்தார். மறுக்கமுடியாத வகையில் பணிவாக எழுதப்பட்ட கடிதம். மறுநாள் காலை நானும் கூடச் சென்றேன். தொழில்நுட்பவியலாளர் நடுத்தர வயது வெள்ளையர், அதிகம் பேசாதவர். புறப்பட்டு அரை மைல் போவதற்குள் கார் உந்தியது. “ஆம், இது இருக்கக்கூடாது” என்றார். பதினொரு மாதங்களாக எவரும் சொல்லாத வசனம் அது. நண்பர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிகுதி அன்று பிற்பகலுக்குள் முடிந்துவிட்டது. முன் இடது பக்க இணைப்புக் கோலில் போல் ஜொயின்ட் ஆடியது. அதை மாற்றுவதற்கு ஒரு மணித்தியாலம்கூடத் தேவைப்படவில்லை. அந்தக் காரின் தானியங்கி கியர்பெட்டி 8 கியர்களைக் கொண்டது. ஒயிலின் அழுத்தத்தினால் கிளட்ச்சுகளை இறுக்கியும் தளர்த்தியும் கியரை மாற்றுவது. குளிரில் ஒயில் தடிப்பாக இருக்கும். கிளட்ச் நிரம்புவதற்கு எடுக்கும் நேரம் மாறுபடும். கட்டுப்பாட்டுக் கணினி அந்த வேறுபாட்டைக் கற்றுக்கொண்டு ஈடுசெய்யவேண்டும். இந்தக் காரில் ஈடுசெய்யும் கணக்கில் தவறு இருந்தது. புதிய மென்பொருளை ஏற்றி, பழைய கற்றலை அழித்துவிட்டு ஓட்டியபோது உந்துதல் நின்றுவிட்டது.

புதிய மென்பொருள் எப்போது வந்தது என்று நண்பர் கேட்டார். வரவேற்பு மேசையில் இருந்தவர் திரையைப் பார்த்துச் சற்றுத் தயங்கிவிட்டு, குளிர்ந்த நிலையில் ஏற்படும் இதே உந்துதலுக்காக உற்பத்தியாளர் அனுப்பிய தொழில்நுட்ப அறிவித்தல் 2023 பெப்ரவரியில் வந்தது என்றார். மார்ச்சிலும் ஜூலையிலும் ‘இது வழமையான இயல்பு’ என்று சொல்லப்பட்டபோது, அது வழமையானதல்ல என்ற தகவல் அதே மேசையின் கணினிக்குள் இருந்திருக்கிறது.

இதில் வஞ்சகம் இருப்பதாக நான் கூறவரவில்லை. பொதுவாக உத்தரவாதத் திருத்த வேலைகளுக்கு எவ்வளவு நேரத்துக்குக் கூலி கொடுப்பது என்பதை உற்பத்தியாளரே நிர்ணயிக்கிறார். பாகமொன்றை மாற்றினால் அதற்குக் கணக்கு உண்டு. குறியீடு எதையும் காட்டாத ஒரு சத்தத்தைத் தேடி இரண்டு மணித்தியாலம் செலவிடுபவருக்கு முழுமையான கணக்கு கிடைப்பது அரிது. எனவே தேடாமல் விடுவதே திருத்தகத்துக்கு மலிவானது. அத்துடன், எல்லா முறைப்பாடுகளும் நியாயமானவை என்றும் சொல்லமுடியாது. குளிர்ந்த இயந்திரத்தில், புகைவடிகட்டியை விரைவாகச் சூடேற்றுவதற்காகக் கியர் மாற்றத்தைக் கணினி வேண்டுமென்றே தாமதிப்பதுண்டு. காற்று சஸ்பென்ஷன் உள்ள கார்களில் காற்றழுத்தி இயங்கும் இரைச்சல் குறைபாடு அல்ல. உள்ளே அமைதி கூடக்கூட, மலிவான காரில் கேட்காத சிறிய சத்தங்கள் சொகுசுக் காரில் பெரிதாகக் கேட்கும். ‘வழமையான இயல்பு’ என்ற பதில் பல சந்தர்ப்பங்களில் உண்மையானது. பிரச்சினை என்னவென்றால், உண்மையான சந்தர்ப்பத்திலும் பொய்யான சந்தர்ப்பத்திலும் அதே சொற்களே சொல்லப்படுகின்றன. வாடிக்கையாளரினால் இரண்டையும் வேறுபடுத்தி அறிய முடிவதில்லை.

விற்பவருக்குத் தெரிந்ததும் வாங்குபவருக்குத் தெரியாததுமான இந்த இடைவெளியைப் பற்றியே அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அகேர்லொஃப் 1970 ஆம் ஆண்டில் தனது புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். பழைய கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டு அவர் செய்த அந்த ஆய்வு உட்பட்ட பணிக்காக 2001 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்பும் ஏற்பாடுகளில் ஒன்றாக உத்தரவாதத்தை அவர் குறிப்பிட்டார். ஆனால் குறைபாடு இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தையும் உத்தரவாதம் கொடுத்தவரிடமே விட்டுவிட்டால் இடைவெளி மீண்டும் திறந்துகொள்கிறது. வழக்காளியும் நீதிபதியும் ஒருவராக இருக்கும் நீதிமன்றம் அது.

இதனை உலகம் அறியாமல் இல்லை. அவுஸ்திரேலியாவில் ஃபோர்ட் நிறுவனத்தின் ஃபியெஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களில் பொருத்தப்பட்ட இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டிகள் அதிர்வதாக வாடிக்கையாளர்கள் முறையிட்டபோது, அவர்கள் ஓட்டும் விதமே காரணம் என்று சில சந்தர்ப்பங்களில் கூறப்பட்டது. கியர்பெட்டியில் பிரச்சினை இருப்பதை நிறுவனம் அறிந்திருந்தது. 2015 மே தொடக்கம் 2016 பெப்ரவரி வரையான காலப்பகுதியில் முறைப்பாடுகளைக் கையாண்ட விதம் மனச்சாட்சிக்கு விரோதமானது என்று தீர்மானித்த அந்த நாட்டின் சமஷ்டி நீதிமன்றம் 2018 ஏப்ரலில் ஒரு கோடி அவுஸ்திரேலிய டொலர்களை அபராதமாக விதித்தது. கியர்பெட்டி பழுதடைந்ததற்காக விதிக்கப்பட்ட அபராதம் அல்ல அது. வாடிக்கையாளருக்குச் சொன்ன பதிலுக்காகவும் அவரை நடத்திய விதத்துக்காகவும் விதிக்கப்பட்டது.

2019 ஏப்ரலில் சீனாவின் சியான் நகரில் புதிய மெர்சிடிஸ் பென்ஸ் சொகுசுக் காரொன்றை வாங்கிய பெண்மணியொருவர், காரில் இருந்து ஒயில் கசிந்தபோது, பணத்தைத் திருப்பித் தரமுடியாது, இயந்திரத்தை மாற்றித்தான் தரலாம் என்று கூறிய விற்பனை நிலையத்தில் கார் ஒன்றின் முன்மூடியின் மீது ஏறியமர்ந்து அழுதார். தான் படித்தவர் என்றும் இப்படி நடந்துகொள்ள நேர்ந்ததற்காக வெட்கப்படுவதாகவும் அவர் கூறிய காட்சியைச் சீனா முழுவதும் பார்த்தது. அடுத்த மாதம் அந்த விற்பனை நிலையத்துக்கு 10 இலட்சம் யுவான் அபராதம் விதிக்கப்பட்டது. படித்த, வசதிபடைத்த ஒரு பெண்மணி நியாயம் கேட்பதற்குக் காரின் மீது ஏறவேண்டியிருந்தது என்பதைச் சீன அரசாங்கமும் கவனத்தில் எடுத்திருக்கவேண்டும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட விதிகள், கார் கையளிக்கப்பட்டு ஏழு நாட்களுக்குள் இயந்திரத்தையோ கியர்பெட்டியையோ மாற்றவேண்டிய குறைபாடு தோன்றினால் காரையே திருப்பிக் கொடுக்கும் உரிமையை வழங்குகின்றன.

பிரிட்டனில் 2015 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின் பிரகாரம், குறைபாடுள்ள பொருளை முதல் 30 நாட்களுக்குள் நிராகரிக்கலாம். ஆறு மாதங்களுக்குள் குறைபாடு தோன்றினால் அது கையளிக்கப்பட்டபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று நிரூபிக்கவேண்டியவர் விற்றவர். திருத்துவதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தும் சரிவரவில்லையென்றால் பொருளை நிராகரிக்கலாம். சிங்கப்பூரிலும் 2012 செப்டெம்பரில் இருந்து ஆறு மாத அனுமானம் சட்டமாக இருக்கிறது. அமெரிக்காவில் 1982 ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலம் தொடக்கிவைத்த பிறகு ஐம்பது மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன. பல மாநிலங்களில் ஒரே குறைபாட்டை நான்கு தடவைகள் திருத்த முயன்றும் முடியவில்லை என்றால், அல்லது மொத்தமாக 30 நாட்கள் கார் திருத்தகத்தில் நின்றிருந்தால், சட்டம் வாங்கியவரின் பக்கம் சாய்கிறது. அத்துடன் விற்பனை நிலையங்களுக்கு உற்பத்தியாளர்கள் அனுப்பும் தொழில்நுட்ப அறிவித்தல்களை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடமும் சமர்ப்பிக்கவேண்டும். பொதுமக்கள் அவற்றைப் பார்க்கலாம். எனது நண்பருக்கு மறைக்கப்பட்டிருந்த தகவல் அங்கே சட்டப்படி பகிரங்கமானது.

நண்பர் கோரிக்கை விடுத்த முதல் வேலைத்தாள் காரை வாங்கிய நான்காவது மாதத்துக்குரியது. ஆறு மாதத்துக்குள் முறையிட்டார் என்பதற்கு அதுவே சாட்சி. ‘காணப்படவில்லை’ என்று எழுதி அவரைத் திருப்பி அனுப்பிய அதே காகிதம் இறுதியில் அவரது கையில் இருந்த மிகப் பலமான ஆவணமாக மாறியது. எனவேதான் உத்தரவாதக் காலத்தில் இருக்கும் எவருக்கும் நான் கூறும் ஆலோசனை ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். ‘வழமையான இயல்பு’ என்றால் அதையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். வாயால் இலகுவாக வரும் அந்த வசனம் பேனாவுக்கு இலகுவாக வருவதில்லை. கியர்பெட்டி ஒயில் ‘ஆயுட்காலத்துக்கும் போதுமானது’ என்ற வாசகத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பல சொகுசுக் கார்களுக்கு 8 கியர் பெட்டியைத் தயாரித்துக் கொடுக்கும் ஜேர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் 80,000 தொடக்கம் 120,000 கிலோமீற்றருக்குள் அல்லது எட்டு வருடங்களுக்குள் ஒயிலை மாற்றவேண்டும் என்று பரிந்துரைக்கிறது. கார் உற்பத்தியாளர்கள் சொல்லும் ஆயுட்காலம் யாருடையது என்று கேட்கத் தோன்றுகிறது. உத்தரவாதத்தின் ஆயுட்காலமாக இருக்கலாம்.

இலங்கைக்கு வருவோம். 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னமும் எமது அடிப்படைச் சட்டமாக இருக்கிறது. வீதியில் மோட்டார் கார் என்ற ஒன்றை இலங்கையர்கள் கண்டிராத காலத்தில் எழுதப்பட்டது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகாரசபை இயங்குகிறது. அதற்கு முறைப்பாட்டைப் பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் செய்யவேண்டும். எனது நண்பரின் காரில் குறைபாடு தலைகாட்டியது நான்காவது மாதத்தில். கொழும்பில் அவர் வாழ்ந்திருந்தால் அந்தக் கதவு அவருக்கு முன்னால் ஏற்கெனவே மூடப்பட்டிருக்கும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி ஐந்து வருடங்களுக்குப் பிறகு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. காரின் விலையை விஞ்சும் வரிகளையும் செலுத்தி, வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி எமது மக்கள் வாகனம் வாங்குகிறார்கள். வரிகளைக் கணக்கிடுவதில் அரசாங்கம் காட்டும் துல்லியத்தில் ஒரு சிறு பங்கையாவது அந்த வாகனத்தை வாங்கியவரின் உரிமையில் காட்டக்கூடாதா? ஆறு மாத அனுமானம், திருத்த முயற்சிகளுக்கு ஒரு உச்சவரம்பு, ஒவ்வொரு பரிசோதனைக்கும் எழுத்துமூல அறிக்கை, உற்பத்தியாளரின் தொழில்நுட்ப அறிவித்தல்களை வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்தும் கடப்பாடு ஆகிய நான்கும் இருந்தால் போதுமானது. இவை எதற்கும் திறைசேரியில் இருந்து பணம் தேவையில்லை.

2022 ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்களுடைய ஒரு நாட்டில் இருந்துகொண்டு, லண்டன்வாசி ஒருவரின் சொகுசுக் காரின் ‘டொக்’ சத்தத்துக்காக இவ்வளவு கவலைப்படுவதா என்று வாசகர்கள் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அந்த வரிசைகளில் நானும் நின்றவன். ஆனால் முச்சக்கரவண்டியைக் கடனுக்கு வாங்கி, மூன்றாவது மாதத்தில் கியர் விழுத்தமுடியாமல் கொண்டுபோய் நிறுத்தும் சாரதிக்கும் சொல்லப்படுகின்ற பதில் அதுதான். குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன இல்லத்தரசிக்கும் அதுதான். வங்கிக் கணக்கும் ஆங்கில மொழியறிவும் சட்டத்தின் பாதுகாப்பும் கோவைப்படுத்தப்பட்ட காகிதங்களும் கொண்ட ஒரு கணக்காளரையே பதினொரு மாதங்கள் தனது காதைச் சந்தேகிக்க வைக்கமுடியும் என்றால், இவற்றில் எதுவும் இல்லாதவர்களின் நிலை என்ன? சொகுசுக் காரின் கதையை நான் எழுதுவது அந்தக் கேள்விக்காகவே.

நான் கொழும்பு திரும்பிய பின்னர் நண்பர் விற்பனை நிலையத்துக்கு இன்னொரு கடிதம் அனுப்பினார். நட்டஈடு எதையும் அவர் கேட்கவில்லை. முன்னைய மூன்று தடவைகளும் தனக்குச் சொல்லப்பட்டது தவறு என்று ஒரு வரி எழுதித் தருமாறு மாத்திரம் கேட்டிருந்தார். இரண்டு வாரங்களில் பதில் வந்தது. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துவதாகவும் நல்லெண்ணத்தின் அடையாளமாக ஒரு தடவை இலவசமாகக் காரைக் கழுவித் துப்புரவு செய்து தருவதாகவும் எழுதியிருந்தார்கள்.

“றேடியோ போடுறியோ?” என்று தொலைபேசியில் கேட்டேன்.

“போடுறன் மச்சான். கார் இப்ப நல்லா ஓடுது” என்றார். சற்று நேரம் கழித்து, “அந்த ஒரு வரியை மட்டும் அவங்கள் தரேல்லை” என்றார்.

இன்றுவரை அது வரவில்லை.